சிவப்பு வளையம் போட்ட பத்து மரங்கள்

டெய்சியிடம் ஒரு தென்னங்கீற்றைக் கொடுத்து, இதில் எத்தனை பூச்சி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நிறைய என்றோ கொஞ்சம் என்றோ அவள் வாயில் வராது. கைலென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு நுனியிலிருந்து அடிக்கு ஒருமுறை எண்ணுவாள், அடியிலிருந்து நுனிக்கு இன்னொரு முறை எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் எண்ணைச் சொல்வாள். ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. ஒருமுறை ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஏணிக்கடியில் நல்ல பாம்பு ஊர்ந்து போனது. நாங்கள் எல்லோரும் வரப்புக்கு ஓடிவிட்டோம். அவள் எழுபத்தாறு என்று சொல்லிவிட்டுத்தான் கீழே குனிந்து பார்த்தாள். அதற்குள் பாம்பு அலுத்துப்போய் வாய்க்காலுக்குப் போய்விட்டது.

பீளமேட்டில் ஒரு கல்லூரியின் பூச்சியியல் துறையில் பதினான்கு வருடமாக அவள் களப் பணியாளர். நான், சாஜிதா பேகம், அதே துறையில் கணினி முன்னால் உட்கார்ந்து அவள் கொண்டுவரும் எண்களை அட்டவணையாக்குகிறவள். அவள் வெயிலில் எண்ணுவாள், நான் மின்விசிறிக்குக் கீழே கூட்டுவேன். மக்காச்சோளப் படைப்புழு, தக்காளி ஊசிப்புழு, வாழைக் கூன்வண்டு என்று ஓர் ஆராய்ச்சி முடிந்தால் இன்னொன்று வரும். ஒவ்வொன்றுக்கும் அவளுக்குத் தனியாக ஒரு தற்காலிக உத்தரவு. பதினான்கு வருடம் தற்காலிகமாக இருந்தவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான் என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கும் பட்டியல் வரும் வாரத்தில் அவள் சரியாகச் சாப்பிட மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் போத்தனூர்க்காரி. அப்பா இன்னாசிமுத்து ரயில்வேயில் இருந்தவர். யார்டில் நிற்கும் சரக்கு ரயில்களின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஓர் எண் தப்பினால் மதுரைக்குப் போக வேண்டிய சிமென்ட் மங்களூருக்குப் போய்விடும். அதனால் அந்த வீட்டில் எண் என்றால் விளையாட்டு இல்லை. டெய்சி விலங்கியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது, உட்காரும் வேலை கிடைக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். அவளுடைய கணவர் ஜெப்ரி மில்லில் எலக்ட்ரீஷியன், மகள் லின்சி நர்சிங் படிக்கிறாள். டப்பாவில் எத்தனை பிஸ்கட் மீதி இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்போதும் தெரியும், அந்த வீட்டில் எதையும் எடுத்துத் தின்ன முடியாது என்று அந்தப் பெண் என்னிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் உக்கடத்தில் திக்ரு, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் துதி, எண்ணுவதற்காக விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன கவுன்டர் விற்பார்கள். ஒரு ரம்ஜானுக்குப் பச்சையில் ஒன்று வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து கொங்கு மண்டலத்துப் பூச்சிகள் எல்லாம் அதில்தான் எண்ணப்படுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்ற மறந்து அதோடு பூசைக்குப் போய்விட்டாள். பங்குச் சாமியார் தன் பிரசங்கத்தில் எதை எண்ணினாய் என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவள் மேல்தான் நாங்கள் சந்தேகப்பட்டோம். நாங்கள் என்று பன்மையில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. முதலில் சந்தேகப்பட்டவள் நான்.

ஆராய்ச்சி தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ பற்றியது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீற்றின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் போட்டு முட்டையிடும், சாற்றை உறிஞ்சும், தேன் மாதிரி பிசுபிசுப்பாக ஒன்றைக் கீழே சொட்டும். அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரும்பூசணம் படர்ந்து, கீழே இருக்கும் மட்டை, வாழை, மாட்டுக்கொட்டகை ஓடு என்று எல்லாமே கரி பூசினாற்போல் ஆகிவிடும். மருந்தடித்தால் அப்போதைக்குக் குறையும், பிறகு இன்னும் அதிகமாக வரும். இந்த ஈயைத் தேடித் தேடி அதன் குஞ்சுக்குள் முட்டையிடும் ஒரு குளவி உண்டு. கடுகில் பாதி இருக்கும். அதை வளர்த்துத் தோப்பில் விட்டால் போதுமா என்பதுதான் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் கிளமென்ட் கேட்ட கேள்வி.

அதற்கு இரண்டு தோப்பு எடுத்துக்கொண்டோம். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் குளவி விட்டோம். அதிலிருந்து ரொம்பத் தள்ளி, கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தம்பிதுரை என்பவருடைய தோப்பில் எதுவும் விடவில்லை. சும்மா விட்டால் பூச்சி எப்படிப் போகும் என்று பார்ப்பதற்கான ஒப்பீட்டுத் தோப்பு அது. இரண்டிலும் பத்துப் பத்து மரம் தேர்ந்தெடுத்து, அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்டில் வளையம் போட்டோம். எல்லாம் ஒட்டுரக மரங்கள், ஏணி வைத்தால் அடி மட்டை எட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெய்சி போய் அந்தப் பத்து மரத்தில் எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஆனைமலைத் தோப்புக்காரரிடம் மரத்தில் தண்ணீர்கூடப் பீய்ச்சாதீர்கள், குளவி போய்விடும் என்று சொல்லியிருந்தோம். தம்பிதுரையிடம், மருந்து மட்டும் அடிக்காதீர்கள், மற்றபடி எப்போதும் போல இருங்கள் என்று கிளமென்ட் சாரே நேரில் சொன்னார். ஆராய்ச்சி முடிந்ததும் உங்கள் தோப்புக்கும் குளவி தருகிறோம் என்றும் சொன்னார்.

டெய்சிக்கு ஒரு வழக்கம். எந்தத் தோப்புக்குப் போவதானாலும் முந்தின நாள் நாலு மணிக்கு போன் செய்து, நாளைக்கு வாரோமுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். அடுத்தவர் தோப்புக்குள் திடுதிப்பென்று போய் ஏணி கேட்பது மரியாதை இல்லை என்பாள். எங்களுக்கும் அது நல்ல வழக்கமாகத்தான் தெரிந்தது.

டிசம்பரில் தொடங்கினோம். ஏப்ரல் நடுவில் நான் இரண்டு தோப்பின் எண்களையும் கோடாக வரைந்து பார்த்தேன். குளவி விட்ட தோப்பில் கோடு மெல்ல இறங்கியிருந்தது. நல்லது. ஒன்றுமே செய்யாத தம்பிதுரை தோப்பிலும் கோடு இறங்கியிருந்தது. முதல் முறை கீற்றுக்குத் தொண்ணூற்றாறு, இரண்டாம் முறை முப்பத்தொன்று, பிறகு எப்போதும் முப்பதை ஒட்டி. வெயில் ஏற ஏறப் பெருக வேண்டிய பூச்சி, பங்குனி வெயிலில் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. அப்படி நடக்காது. உலகத்தில் இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். ஒன்று, இயற்கை தன் புத்தியை மாற்றிக்கொண்டுவிட்டது. இல்லையென்றால் டெய்சி ஏணியில் ஏறாமல் கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தாளை நிரப்பியிருக்கிறாள்.

அவளிடம் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலி. பதினான்கு வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவள். நான் கோட்டுப் படத்தை அச்செடுத்து நேராக கிளமென்ட் சாரிடம் கொண்டுபோனேன். வேலையில் நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பு வந்தால் மனிதர்கள் எதையும் செய்வார்கள்.

சார் கத்துகிறவர் இல்லை. அடுத்த வாரம் எண்ணிக்கைத் தாளில் புதிதாக ஒரு கட்டம் அடித்து வந்தது. எண்ணியவர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், சரிபார்த்தவர். இனி இரண்டாவது ஆள் கையெழுத்து இல்லாத தாள் செல்லாது என்று ஒரு குறிப்பும் இருந்தது. டெய்சி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். யார் கிளப்பியது என்று அவள் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்று மதியம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

மே கடைசியில் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கக் குழு வருகிறது. அதன் பிறகு ஜூன் பட்டியல். பொய் எண் எழுதினவள் என்ற பேச்சோடு அந்தப் பட்டியலிலிருந்து பெயர் போனால் இந்த ஊரில் எந்தத் துறையும் அவளை ஏணியில் ஏற்றாது. அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவளே போய் சாரிடம் கேட்டாள், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று. சார் ஒப்புக்கொண்டார். ஆனைமலையிலிருந்து வந்த ஒரு கீற்றை எடுத்து, அதை நுண்ணோக்கியில் துண்டு துண்டாகப் படம் பிடித்து, இரண்டு மாணவர்களை உட்காரவைத்துத் திரையில் பெரிதாக்கி எண்ணச் சொன்னார். அதே கீற்றை டெய்சி வெறும் கைலென்ஸில் எண்ணினாள். அவள் சொன்னது நூற்று நாற்பத்து மூன்று. மாணவர்கள் சொன்னது நூற்று நாற்பத்தாறு. மூன்று வித்தியாசம், பரவாயில்லை, நெருக்கம்தான் என்று சார் சமாதானமாகச் சொன்னார். டெய்சிக்குப் பொறுக்கவில்லை. எந்த மூன்று என்று காட்டச் சொல்லித் திரைக்கு முன்னால் போய் நின்றாள். தேடிப் பிடித்தார்கள். மூன்றிலும் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"ஈ வெளிய வந்தா இங்கிலீஷ் டி மாதிரி கீறல் விழும் சார். வட்டமா ஓட்டை போட்டுட்டு வாரது குளவி. இது மூணும் வெறுங்கூடு. உள்ள ஆளில்ல" என்றாள்.

கிளமென்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவர்கள் முன்னாலேயே, என் தப்பு டெய்சி, மன்னிச்சுக்குங்க என்று சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டெய்சியின் எண் சரி. அப்படியானால் குளவி விட்டாலும் விடாவிட்டாலும் பூச்சி குறைகிறது. அப்படியானால் குளவியால் பயன் இல்லை. சார் வருத்தத்தோடு அறிக்கையை அப்படியே எழுதத் தொடங்கினார். டெய்சிக்கு வேலை நிச்சயம், பெயரும் கெடவில்லை. அவள் நிம்மதியாக இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

"சாஜிதா, நான் எண்ணினது சரி. ஆனா அந்தத் தோப்புல என்னமோ சரியில்ல. ஆனைமலைக்குப் போயிட்டு வந்தா என் தலை, துப்பட்டா எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். கிணத்துக்கடவுல மொத தடவைக்கப்புறம் எனக்கு ஒட்டினதே இல்ல. நாளைக்கு சனிக்கிழமை. நீயும் வா, ரெண்டாவது ஆள் கையெழுத்துப் போட."

கடைசி வாக்கியத்தில் ஊசி இருந்தது. வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டிய ஊசிதான். அன்று சாயங்காலம் அவள் தம்பிதுரைக்கு போன் செய்யவில்லை. எண்ணும் முறை வருவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது, சும்மா பார்த்துவிட்டு வரப்போகிறோம், அதற்கு எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

காலையில் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். கிணத்துக்கடவில் இறங்கி ஒரு மினி பஸ், அப்புறம் நடை. தோப்பு வாசலில் தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கணக்குவழக்கு, ஆள், மோட்டார் எல்லாம் அவர் கையில். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் இல்லை. கூட்டாத வீட்டுக்குச் சம்பந்தி வந்துவிட்டதைப் பார்த்த முகம்.

"ஏனுங்க அம்மணி, ஒரு வார்த்தை சொல்லாம வந்துபோட்டீங்க? சொல்லியிருந்தீங்கன்னா மரத்தையெல்லாம் கழுவி உட்டிருப்பமுங்களே."

எதை அக்கா கழுவி விடுவீர்கள் என்று டெய்சி மெதுவாகக் கேட்டாள்.

நாச்சியம்மாள் ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை என்றுதான் அவர் நினைத்தார். டிசம்பரில் முதல் முறை வந்துவிட்டுப் போனபோது டெய்சியின் தலையும் தோளும் பிசுபிசுப்பாகி, வெளிர் நிறச் சுடிதார் முழுக்கக் கரி அப்பியிருந்ததாம். நம்ம தோட்டத்துக்கு வந்த பொம்பளைப் பிள்ளை இந்தக் கோலத்தில் பஸ்ஸில் நாலு பேர் பார்க்கப் போகிறாளே என்று இவருக்கு அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. அடுத்த முறை நாளைக்கு வாரோமுங்க என்று போன் வந்ததும் புருஷனிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் மூணு பேஸ் கரன்ட் வந்த உடனே தம்பிதுரை ஒன்றரை அங்குலக் குழாயை மோட்டாரில் மாட்டி, அடி மட்டைகளின் கீழ்ப்பக்கம் எல்லாம் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டார். காலையில் டெய்சி வரும்போது மட்டை காய்ந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் ஒரு குளியல்.

தோப்பிலிருந்து வந்து சேர்ந்த தம்பிதுரையிடமும் கேட்டோம். அவருக்கு எங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றே விளங்கவில்லை.

"மருந்து அடிக்க வேண்டாம்னாரு சாரு, அடிக்கலீங்க. எப்பவும் போல இருங்கன்னாரு, இருந்தமுங்க. தண்ணி மருந்துங்களா?" என்றார்.

எல்லா மரத்தையும் கழுவினீர்களா என்று டெய்சி கேட்டாள். நானூறு மரத்தை யார் கழுவுவது, அம்மணி ஏறுகிற மரத்தை மட்டும்தான், அதற்குத்தான் சிவப்பு வளையம் போட்டிருக்கிறதே என்றார் அவர்.

நாங்கள் மூவரும் உள்ளே போனோம். வளையம் போட்ட பத்து மரமும் பச்சைப்பசேல் என்று நின்றன. டெய்சி தலையை உயர்த்திப் பக்கத்து மரத்தைப் பார்த்தாள். கறுப்பு. அதற்கடுத்த மரம் கறுப்பு. சுற்றி நின்ற அத்தனை மரத்தின் அடி மட்டைகளும் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தன. அவள் ஏணியை எடுத்துவந்து வளையம் இல்லாத ஒரு மரத்தில் ஏறினாள். நுனியிலிருந்து அடி, அடியிலிருந்து நுனி. விரலில் பச்சைக் கவுன்டர் டிக் டிக் என்றது. கீற்றுக்கு நூற்று எழுபத்தொன்று. வளையம் போட்ட மரத்தில் போன கழுவலுக்குப் பிறகு வந்து சேர்ந்தவை ஐம்பத்தெட்டு.

ஏணியிலிருந்து இறங்கி ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு மாசம் சாஜிதா. பத்து மரத்தைத் தவிர ஒரு மரத்தை நான் நிமிந்து பார்க்கல. எண்ணச் சொன்னதை எண்ணினேன், இறங்கினேன், போனேன். தரை ஈரமா இருந்துச்சு, சொட்டுநீர் கசியுதுன்னு நெனச்சுட்டேன்."

பக்கத்து மரத்தைப் பார்க்காதவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்காதவள் நான். அதை அவளிடம் அங்கேயே சொன்னேன். வெறுமனே மன்னிச்சுக்கோ என்று சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள், அந்த மரத்தடியில் சொன்னதால் வாங்கிக்கொண்டாள். சரி விடு, நாம ரெண்டு பேரும் ஒரே ரகம் என்றாள். நாச்சியம்மாள் இதற்குள் காப்பியோடு வந்துவிட்டார். தன்னால் ஏதோ கெட்டுவிட்டது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. எது கெட்டது என்று டெய்சி பொறுமையாக விளக்கியதும், நல்லதுன்னு செஞ்சுபோட்டேனுங்க அம்மணி என்று சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்க மேல தப்பில்லீங்க அக்கா, போன் பண்ணினது நான்தானே என்று டெய்சி சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது அதை நான் வெறும் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் யோசனை சொன்னேன். என் யோசனைகள் எப்போதும் சுலபமானவை. விவசாயி சொல்லாமல் கொள்ளாமல் மரத்தைக் கழுவிவிட்டார், அதனால் அந்த எண்கள் செல்லாது என்று எழுதினால் போதும். பொய் இல்லை. போன் விஷயத்தை எதற்கு இழுக்க வேண்டும்? ஆராய்ச்சித் தாளில் போன் செய்யச் சொல்லி எங்கும் இல்லை, அது டெய்சியாக வைத்துக்கொண்ட வழக்கம். சொன்னால் ஐந்து மாத உழைப்பை வீணடித்தவள் என்று ஜூன் பட்டியலுக்கு முன்னால் அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். சார் இப்போதுதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன்.

பஸ் ஒத்தக்கால்மண்டபத்தைத் தாண்டியது. அப்போது டெய்சி சொன்னாள், அவங்க சொல்லாம கொள்ளாம கழுவலையே, நான் சொன்னதாலதானே கழுவினாங்க என்று. அவ்வளவுதான். அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு மரியாதையும் எரிச்சலும் சம அளவில் இருந்தன.

திங்கட்கிழமை அவள் தன் கையால் ஒரு பக்கம் எழுதி சாரிடம் கொடுத்தாள். முதல் எண்ணிக்கைக்குப் பிறகு தேதி வாரியாகப் பத்து போன், பத்துக் கழுவல், பத்து எண்ணிக்கை. இவை எதுவும் ஒப்பீட்டுக்குச் செல்லாது. காரணம், நான் முந்தின நாள் தகவல் சொன்னது. இப்படிக்கு, டெய்சி. கிளமென்ட் சார் அதைக் கடைசி வரி வரை படித்தார். இதை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாமே என்றார்.

"இருந்திருக்கலாங்க சார். அப்புறம் குளவி உதவாதுன்னு நாம அச்சடிச்சுக் கொடுப்போம். தோப்புக்காரங்க அதை நம்பி மறுபடி மருந்து டப்பாவத் தூக்குவாங்க. என் பேரைக் காப்பாத்த அத்தனை தோப்புலயும் மருந்து அடிக்க முடியுங்களா?"

சார் எழுதி வைத்திருந்த அறிக்கையைக் கணினியில் திறந்து, அந்த முடிவுப் பத்தியை எங்கள் கண்ணெதிரே அழித்தார். பிறகு, புதிதாக அச்சடித்த எண்ணிக்கைத் தாளைக் காட்டி, இந்தச் சரிபார்த்தவர் கட்டத்தையும் எடுத்துவிடலாம், அதை வைத்ததே உங்களுக்குச் செய்த அவமானம் என்றார்.

"அது இருக்கட்டுங்க சார்" என்றாள் டெய்சி. "போன மாசம்னா எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்ப எனக்கு அது வேணும்."

மே கடைசியில் குழு வந்தது. சார் எதையும் மறைக்கவில்லை. வளையம் இல்லாத மரங்களில் அவசரமாக எடுத்த எண்களைக் காட்டினார். குளவி விட்ட தோப்பில் கோடு கீழே, விடாத தோப்பில் கோடு உச்சியில். அதோடு டெய்சி எழுதிய பக்கத்தையும் அப்படியே வைத்தார். குழுவில் ஒருவர் அதை இரண்டு முறை படித்தார், இந்த அம்மா எங்கே என்று கேட்டார். டெய்சி அப்போது ஆனைமலையில் ஏணிமேல் இருந்தாள். ஆராய்ச்சியை முதலிலிருந்து ஒழுங்காக நடத்த இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. ஜூன் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அன்று அவள் டிபன் பாக்ஸைத் திறந்து என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

புது முறையின் முதல் எண்ணிக்கைக்கு நானும் கூடப் போனேன். போன் செய்யவில்லை. இந்த முறை நாச்சியம்மாள் தயாராக இருந்தார். எந்த நாள் என்று தெரியாததால் அவர் எல்லா நாளும் தயாராக இருந்திருக்கிறார். கட்டிலின்மேல் தம்பிதுரையின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று துவைத்து மடித்து இருந்தது, தலைக்குக் கட்ட ஒரு துண்டு, ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. மரங்கள் மொத்தமும் கறுப்பு. டெய்சி அந்தப் பெரிய சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, பத்து மரத்தையும் முடித்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு இறங்கினாள். அந்தக் கோலத்தைப் பார்த்து நாச்சியம்மாளுக்கு வாய் துடித்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டார்.

டெய்சி தாளை அவரிடம் நீட்டினாள். சரிபார்த்தவர் கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் அக்கா, மரம் கழுவவில்லை என்பதற்கு உங்களைவிடச் சாட்சி யார் என்றாள். நாச்சியம்மாள் பேனாவை வாங்கினார். தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேனுங்க அம்மணி. சரிபாத்தவருன்னு போட்டிருக்குதுங்களே. அந்தக் கண்ணாடியக் குடுங்க, நானும் ஒருக்கா எண்ணிப் பாத்துபோட்டுப் போடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டெய்சி சிரிக்கவில்லை. தான் எண்ணி முடித்த கீற்றுகளில் ஒன்றை மரத்திலிருந்து கிள்ளி எடுத்துவந்து, லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாள், விரலிலிருந்து கவுன்டரையும் கழற்றிக் கொடுத்தாள். நாச்சியம்மாள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தேங்காய் எண்ணுகிற நிதானத்தோடு எண்ணினார். அரை மணி நேரம் ஆயிற்று. தாளில் அந்தக் கீற்றுக்கு டெய்சி எழுதியிருந்தது நூற்று எண்பத்து மூன்று. நாச்சியம்மாள் சொன்னது நூற்று எண்பத்து நாலு.

டெய்சி கீற்றை வாங்கினாள். நுனியிலிருந்து அடிக்கு, அடியிலிருந்து நுனிக்கு. பிறகு ஈர்க்கை நகத்தால் லேசாக விலக்கிப் பார்த்தாள். அதன் மடிப்புக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வட்ட ஓட்டையும் இல்லை, கீறலும் இல்லை. உயிரோடு இருந்தது.

பதினான்கு வருடத்தில் டெய்சி ஓர் எண்ணை அடித்துத் திருத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்றை அடித்து நாலாக்கினாள், பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள், பேனாவை நாச்சியம்மாளிடம் கொடுத்தாள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் தன் பெயரை முழுசாக எழுதினார்.